பாப்பாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்புள்ள பாப்பா,

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. அம்மா நலம். நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. கேட்ட பதவி கிடைத்தாயிற்று, வீடும் வாங்கியாயிற்று, ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து "அடுத்து என்ன" என்றே ஓடுகிறது என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் தாயுமானவர் பாடல் புத்தகத்தை எடுத்தேன். அதில் பரிபூரணானந்தம் என்ற பகுதியில் "ஆசைக்கோர் அளவில்லை" என்று தொடங்கும் பாட்டு.

உலகையே கட்டி ஆள்பவர் கடல் மேலும் தன் ஆணை செல்ல நினைக்கிறார். குபேரனுக்கு நிகராகப் பொன் வைத்திருப்பவர் மற்ற உலோகத்தைப் பொன்னாக்கும் ரசவாதத்துக்கு அலைகிறார். நெடுநாள் வாழ்ந்தவரோ இன்னும் நிலைத்திருக்கக் காயகற்ப மருந்து தேடி "நெஞ்சு புண்ணாவர்". அந்தச் சொல்லைப் பார், பாப்பா. திட்டவில்லை, வலிக்குமே என்று இரங்குகிறார்.

இத்தனைக்கும் அவர் திருச்சி நாயக்கர் அரண்மனையில் சம்பிரதியாகக் கணக்குப் பார்த்தவர். தேயிலை எஸ்டேட்டில் 32 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்த எனக்கு அதனாலேயே அவரிடம் தனி ஒட்டுதல். கொழுந்து மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடும். கொழுந்து பறித்த பெண்ணின் கண் அதிலேயே இருக்கும். முள் நின்ற பிறகுதான் எழுதுவேன். வேலை நிரந்தரமான கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அதே தராசடியில் நின்றேன். நான்கு வருடம் அதற்காகக் காத்திருந்தவன், கடைசி மூட்டை நிறுத்து முடிவதற்குள் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கினால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். "ஒன்றைவிட்டு ஒன்று பற்றி" என்ற இடம் வரும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் வருகிறது.

நினைவர், அலைந்திடுவர், புண்ணாவர் என்று ஊராரைச் சொல்லிக்கொண்டே வந்தவர், முடிவில் "மனதற்ற பரிசுத்த நிலையை அருள்வாய்" என்று கடவுளிடம் திரும்பிவிடுகிறார். மனதை நானே அடக்கிவிடுவேன் என்று சொல்லவில்லை, கேட்கிறார். பல வருடம் இதை அறிவுரை என்றே படித்தேன். இப்போதுதான் வேண்டுதலாகக் காதில் விழுகிறது. இன்று காலை எதிர்மலை, தேயிலை, லைன் வீடுகள் எல்லாம் மூடுபனியில் மறைந்திருந்தன. ஜன்னலோரம் நின்று அந்தப் பாட்டின் கடைசி அடியை, "பார்க்குமிடம் எங்கும் ஒரு நீக்கமற நிறைகின்ற" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நீ முதலாவதாக வந்த அன்று, அம்மா கிண்டிய கேசரி ஆறுவதற்குள், "சரி, அடுத்து என்ன?" என்று கேட்டவன் நான்தான். அன்றைக்கு அதைக் கேட்டிருக்கக் கூடாது, பாப்பா.

பாட்டு முழுவதையும் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா வாங்கிய வர்க்கியோடு பார்சலில் வைத்திருக்கிறேன். விழிப்பு வந்தால் "அருள்வாய்" வரைக்கும் மெதுவாகச் சொல்லிப் பார். அப்போதும் தூக்கம் வராவிட்டால் எத்தனை மணியானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா