தையல்காரரைக் கொஞ்சம் பேச விடுங்கள், டாக்டர்

அன்புள்ள டாக்டர்,

நீங்கள் எழுதி அனுப்பிய கவிதைகளும் நாவலின் கையெழுத்துப் பிரதியும் கிடைத்தன. கவிதைகளை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நாவலில் பாதியில் நிற்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கும்படி எழுதச் சொன்னது நீங்கள்தான், அதனால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எக்ஸ்ரே கவரை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு போகும் கிழவரைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறதே, அதில் கவருக்குள் இருக்கும் படம் என்ன காட்டியது என்று நீங்கள் சொல்லவே இல்லை. படத்தைப் பார்த்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாமலா? சொல்லாமல் விட்டதால்தான் கிழவர் இன்னும் என் கண்முன்னால் நடந்துகொண்டிருக்கிறார். நாவலில் வரும் தையல்காரரின் கதி வேறு. வந்து உட்கார்ந்த பக்கத்திலேயே, அவருடைய கோபத்துக்குக் காரணம் சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி என்று எழுதிவிடுகிறீர்கள். நோயைக் கண்டுபிடித்து, மருந்துச் சீட்டும் எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. பாவம், மனிதர் இன்னும் வாயையே திறக்கவில்லை.

தொழில் பழக்கம், புரிகிறது. வெளியே வரிசை நிற்கும்போது காரணத்தைச் சட்டென்று பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நாவல் படிக்கிறவனுக்கு அந்த அவசரம் இல்லை. நீங்களே ஒருமுறை சொன்னீர்கள்: காய்ச்சல், தலைவலி எல்லாம் சொல்லி, சீட்டையும் வாங்கிக்கொண்டு, கதவில் கை வைத்த பிறகுதான் “அப்புறம் டாக்டர், இன்னொண்ணு…” என்று இழுப்பார்கள், வந்த விஷயமே அதுதான் என்று. தையல்காரரையும் அந்தக் கதவு வரைக்கும் போக விடுங்களேன்.

ஓய்வு பெற்ற பிறகு எழுத ஆரம்பித்தது தாமதமோ என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் குழந்தை மருத்துவர். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே மருந்துச் சீட்டிலேயே கிறுக்கி வைப்பாராம். 1951-இல் பக்கவாதம் வந்த பிறகுதான் மருத்துவத்தை விட்டார். கடைசிக் கவிதைத் தொகுப்பு 1962-இல் வந்தது, அதற்கு மறு வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அதற்குள் இறந்துவிட்டார், அது வேறு விஷயம். ரஷ்ய எழுத்தாளர் செகாவும் டாக்டர்தான். 44 வயதிலேயே காசநோய் கொண்டுபோய்விட்டது, ஓய்வுக்குப் பிறகு எழுதும் யோகம் அவருக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறது, சரிதானே?

நோயாளிகளின் பெயர்களை மாற்றிவிட்டதாகக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். பெயர் மட்டும் போதாது. என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன நோய் — இந்த மூன்றும் சேர்ந்தாலே தெரிந்தவர்கள் ஆளைப் பிடித்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவராக்கிவிடுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் அந்தப் பெண்ணை அப்படிக் கலக்க முடியாது, கதையே அவருடையது. அச்சுக்குப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், வருத்தமாகத்தான் இருக்கும்.

மீதி நாவலைத் திருத்திய பிரதியில் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்