அனர்த்தமும் பேரிடரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கியதும் பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் அனர்த்தம். அண்மைக் காலமாக அதே பக்கத்தில் பேரிடர் என்ற சொல்லும் வருவதால், இரண்டும் ஒன்றா வேறா என்று இங்கே மாணவர்கள் கேட்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் புகுந்ததன் பின்னர், 2005 ஆம் ஆண்டிலேயே இலங்கையும் இந்தியாவும் இதற்கெனச் சட்டம் இயற்றின. இங்கே 13 ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவம் என்றது; தமிழ்நாட்டில் அது பேரிடர் மேலாண்மை ஆயிற்று. அங்கே அனர்த்தம் என்றால் பெரும்பாலும் அர்த்தம் திரிந்துபோதல் என்றே கொள்வர். சென்னையிலிருந்து வந்த என் உறவினர் நம் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்துச் சிரித்ததும் அதனாலேயே. வடமொழி அர்த்தம், தமிழில் பொருள் என்ற சொல்லைப் போலவே, கருத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கும். கருத்துக் கெடுவதை அவர்கள் அனர்த்தம் என்றார்கள். வாழ்வுக்கான பொருள் கெடுவதை நாம் அவ்வாறு அழைக்கிறோம். ஆகவே நம் வழக்குப் பிழையன்று.

தமிழ்ச் சொல் என்பதற்காகவே பேரிடரை விரும்புவோர் உளர். இடர் நல்ல சொல்தான். கோணமாமலையைப் பாடிய சம்பந்தர் நெடுங்களத்து இறைவனிடம் வேண்டியதும் இடர் களையுமாறே. ஆனால் முன்னே நிற்கும் ‘பேர்’ அளவைக் கேட்கிறது. மூதூரில் மினி சூறாவளி பத்து வீட்டுக் கூரைகளைத் தூக்கி எறிந்தால் அது பேரிடரா என்று ஒருவர் வாதாட இடமுண்டு. அனர்த்தம் என்றால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

எனது முறைப்பாடு வேறொன்று. ‘சூறாவளி அனர்த்தம் நெருங்குகிறது’ என்று எழுதுகிறார்கள். கடலில் நிற்கும் சூறாவளி இடர் மட்டுமே. வீடும் வயலும் வள்ளமும் அதன் பாதையில் அகப்பட்டு, தாங்கும் வலு போதாமற்போன பின்னரே அது அனர்த்தமாகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிச் சூறாவளி எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தபோது கதவடைத்துக் காத்திருந்தோம். அஞ்சிய அளவுக்குச் சேதம் நேரவில்லை. அன்று நாங்கள் கண்டது இடர். மும்மொழி அறிவித்தல்களில் அனர்த்தத்துக்குச் சிங்களத்தில் வரும் ‘ஆபதா’ நம் ஆபத்தின் உடன்பிறப்பு என்றாலும், தமிழில் ஆபத்து என்பது பெரும்பாலும் இன்னும் நேராததையே சுட்டும். எச்சரிக்கையும் இழப்பும் மொழிபெயர்ப்பில் கலந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இன்னொன்று, ‘இயற்கை அனர்த்தம்’ என்ற தொடர். வடிகாலை மூடிக் கட்டிய தெருவில் வெள்ளம் நின்றால், மழைதான் இயற்கை. வடிகாலை மூடியது இயற்கையன்று.

எனவே வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் நாளில் ‘சூறாவளி இடர்’ என்றும், சேத விவரம் கிடைத்த பின்னரே ‘அனர்த்தம்’ என்றும் எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.