94 டிகிரிப் பீதி

காட்பாடி,
மே மாதம்.

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவின் மூட்டுவலி அப்படியே இருக்கிறது. கமலா நலம். கிணற்று மோட்டார் மறுபடியும் மக்கர் செய்கிறது. கத்திரி தொடங்கிவிட்டது, வேலூர்க்காரனான உனக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா மகன் கார்த்தி. சத்துவாச்சாரி வீட்டு மாடியில், ஷீட் போட்ட அந்த அறையில், கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருக்கிறான். அக்கா வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது, பழைய ஏஎம்டி கம்பெனி ரைசன் 7 1700எக்ஸ் பிராசசர். பையன் அதை 4 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, வைத்திருக்கிறான். போன வாரம் திரையில் 94 டிகிரி என்று காட்டியிருக்கிறது, விசிறியும் ஓலமிட்டிருக்கிறது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "பிராசசர் ஆயுசு முடிந்தது, போர்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், கூடவே வாட்டர் கூலரும் போட்டுவிடுங்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா அடுத்த நகையைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

போய்ப் பார்த்தேன். 1700எக்ஸும் 1800எக்ஸும் 2017-இல் வந்தவை. அவை வெளியே சொல்லும் வெப்பநிலையில் உண்மையான சூட்டோடு 20 டிகிரி கூட்டியே சொல்லும். கோளாறு அல்ல, அந்த வரிசைப் பிராசசர்களுக்கெல்லாம் விசிறி வேகத்தை ஒரே கணக்கில் ஓட்டுவதற்காக ஏஎம்டி தெரிந்தே வைத்த ஏற்பாடு. கார்த்தி வைத்திருந்த பழைய மென்பொருளுக்கு இது தெரியாது. ஆக உண்மைச் சூடு 74. விசிறி அலறியதும் அந்தக் கூட்டிய எண்ணைப் பார்த்துத்தான். விற்பவர்களுக்கு இது தெரியாமல் போனதா, தெரிந்தே சொல்லாமல் விட்டார்களா என்பதை உன் யோசனைக்கே விட்டுவிடுகிறேன். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

இப்போது உன் இன்டெல் பிராசசர் விஷயத்துக்கு வருகிறேன். "என் ஐ7 8700கே சும்மா இருக்கும்போது 29 டிகிரிதான் தெரியுமா" என்று பீற்றிக்கொண்டாயே. திருச்சியில், பகல் நேரத்தில், ஏசி இல்லாத அறையில் 29! அறைக் காற்றே 34 இருக்கும்போது, அந்தக் காற்றை ஊதிக் குளிர்விக்கிற பிராசசர் எப்படி 29 ஆகும்? நம் இயற்பியல் மாஸ்டர் இருந்திருந்தால் ஸ்கேலைத் தேடியிருப்பார். வெறும் விசிறி ஆனாலும் சரி, நீ ஆசைப்படுகிற வாட்டர் கூலர் ஆனாலும் சரி, அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, ரேடியேட்டர் அதை இதே காற்றில்தான் கொட்டுகிறது.

உன் 29 எங்கிருந்து வந்தது என்று கேள். இன்டெல் சில்லில் கணக்குப் போடும் ஒவ்வொரு கோருக்குள்ளும் சூட்டை அளக்க ஓர் உணரி இருக்கிறது. அது இத்தனை டிகிரி சூடு என்று சொல்வதே இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும் சொல்கிறது. நெடுஞ்சாலை மைல்கல்லில் சென்னை 140 என்று போட்டிருந்தால், நீ எங்கிருந்து புறப்பட்டாய் என்று அதற்குத் தெரியுமா? அப்படித்தான். உன் சில்லின் வரம்பு 100. பாக்கி 71 என்று உணரி சொல்ல, மென்பொருள் கழித்து 29 என்று திரையில் போடுகிறது. வரம்பை நெருங்கும்போது இந்த உணரி சரியாகச் சொல்லும், ஏனென்றால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான். கீழே வர வர அது சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஆகவே சும்மா இருக்கும்போது என்ன காட்டுகிறது என்பதை ஊரெல்லாம் சொல்லித் திரியாதே. முழு வேலை கொடுத்து அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பார்.

பார்க்கும்போது அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள். இதைத்தான் கார்த்திக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் அறை அன்று 38. பிராசசர் 74. வித்தியாசம் 36. இதே கம்ப்யூட்டர் மார்கழியில், அறை 24 இருக்கும்போது, இதே வேலைக்குச் சுமார் 60 காட்டியிருக்கும். ஆயுசு முடிந்தது என்று கடையில் சொன்னது கத்திரி வெயிலைப் பார்த்துத்தான்!

அதற்காக 74-ஐ அப்படியே விட்டுவிடவில்லை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸில் போய்ப் பார்த்தால் பையன் 1.425 வோல்ட் கொடுத்து வைத்திருக்கிறான். யாரோ வீடியோவில் சொன்னார்களாம். வேகம் கூடினால் சூடு அதே விகிதத்தில்தான் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். போதாததற்கு, சில் சூடாகச் சூடாக மின்கசிவும் கூடி, அது வேறு சூட்டை ஏற்றும். 3.8 கிகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட் என்று இறக்கினேன். கணக்குப் போட்டுப் பார்: வேகத்தில் 5 சதவீதம் போயிற்று, சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. எடிட் செய்த வீடியோவை முழுசாக்கி எடுக்கிற ஒரு மணி நேர ரெண்டருக்கு மூன்று நிமிடம் கூடுதல். மாப்பிள்ளை வீட்டார் அந்த மூன்று நிமிடத்துக்காக ஆல்பத்தைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

பிறகு கேபினெட்டைத் திறந்தோம். அதை மேஜைக்கு அடியில் கதவு வைத்த மர அலமாரிக்குள் திணித்திருந்தான். வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. பிராசசர் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்து, விரலால் இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் பிராசசரிலிருந்து சூட்டைக் கடத்த இருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது. துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினோம். தூசியை ஊதும்போது விசிறியைக் கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கேட்காமல் அதைச் சுழலவிட்டு வேடிக்கை பார்த்தான், உன் மாதிரியே. இப்போது அறை 38 இருக்கும்போதே உண்மைச் சூடு 61, 62. செலவு ஒரு பேஸ்ட் டியூப். அக்கா நகையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. 5 கிகாஹெர்ட்ஸ் என்று பெருமைப்படுகிறாயே, எத்தனை வோல்ட் கொடுக்கிறாய்? வரம்பு தாண்டினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். நீ கையால் ஏற்றி வைத்த வோல்டேஜிலிருந்து அப்படித் தப்பிக்க அதற்கு வழியில்லை. சில்லை மெல்ல மெல்ல அரிப்பது அதுதான். உன் 8700கே-யில் மூடிக்கும் சில்லுக்கும் நடுவே ஈயப்பற்று கிடையாது, பேஸ்ட்தான். வெளியே எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் சூடு அங்கே தேங்கும். கிரிக்கெட் பார்க்கவும் வருமானவரிப் படிவம் நிரப்பவும் உனக்கு எதற்கடா 5 கிகாஹெர்ட்ஸ்?

கூலர் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன் எனக்கு மூன்று எண்கள் அனுப்பு: முழு வேலையில் பிராசசர் சூடு, அப்போது அறையின் சூடு, வோல்டேஜ். 29 வேண்டாம்.

சுந்தரம் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வரும். அவன் சம்பந்தி வாணியம்பாடிக்காரர், ஆகையால் சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கு. வீடியோ எடுக்கப்போவது கார்த்திதான். அவனுக்கு ஓவர்கிளாக் பாடம் எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
ரவி