பழைய ரிவால்வரும் அதன் தேய்மானமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உற்பத்தி நிறுத்தப்பட்ட சிறிய ரிவால்வர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உரிமம் பெற்றவர்கள் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு, அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் தயாரித்த டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வரைத் தயங்காமல் வாங்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அவர் அந்த முடிவுக்கு வந்த வழி எனக்குச் சரியாகப் படவில்லை. மாடலின் நற்பெயரை மட்டுமே அவர் எடைபோட்டிருக்கிறார். யார் யார் கையிலோ எத்தனையோ முறை சுடப்பட்டுத் தேய்ந்த ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியைத்தான் வாங்குபவர் பெறுகிறார் என்பதை மறந்துவிட்டார்.

அந்த நற்பெயர் நியாயமானதுதான். 1927இல் வெளிவந்த இந்த ரிவால்வர், 2 அங்குலக் குழலும் ஏறக்குறைய 600 கிராம் எடையும் கொண்டிருந்தும், பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஆறினை ஏற்றது. 1950இல் போட்டியாக வந்த ஸ்மித் அண்ட் வெசனின் சீஃப்ஸ் ஸ்பெஷலில் ஐந்துதான். ஆனால் அந்த ஆறாவது தோட்டாவுக்காக, தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் சற்றுத் தடித்திருப்பதை இடுப்பில் செருகி நாள் முழுதும் நடப்பவர் உணர்வார். கட்டுரையாளர் இரண்டு பத்திகளை ஒதுக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது. விசையை முழுதாக இழுத்த நிலையில், பழைய கோல்ட் ரிவால்வரின் சிலிண்டர் துளியும் அசையாது. அதைச் சுழற்றும் சிறு இரும்புத் துண்டு, தோட்டா வெடிக்கும் கணத்திலும் சிலிண்டரை, அதன் பள்ளத்தில் விழுந்து நிறுத்தும் பூட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருப்பதுதான் காரணம். குறி தவறாமைக்கு இந்த அமைப்பு உதவுகிறது. அதே அழுத்தத்தால்தான் அந்தத் துண்டும், அது தள்ளுகிற சிலிண்டரின் பின்புறப் பற்களும் தேய்கின்றன. தேய்ந்துவிட்டால், தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் விழும் நேரத்தில் சிலிண்டரின் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால் தோட்டாவின் ஈயம் குழலின் பின்வாயில் செதுக்கப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும்.

வாங்குவதற்கு முன் இதைச் சோதிப்பது எளிது. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரின் மேல் ஒரு விரலை லேசாக வைத்து உரசவிட்டபடி, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சுத்தியல் பின்னே போய் நிற்பதற்குள் பூட்டு பள்ளத்தில் விழ வேண்டும். அதன் பிறகும் சிலிண்டரை விரலால் நகர்த்தினால்தான் பூட்டு விழுகிறது என்றால் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது. ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்; ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிசகிய துப்பாக்கிகளை நானே பார்த்திருக்கிறேன். குறை தெரிந்தாலும் அரத்தை எடுத்து உட்கார்ந்து, அளவு பார்த்துப் பொருத்தத் தெரிந்தவர்கள் இன்று அரிதாகிவிட்டார்கள். உதிரிப் பாகங்களும் பழைய துப்பாக்கிகளைப் பிரித்தே கிடைக்கின்றன.

கட்டுரையாளர் டிடெக்டிவ் ஸ்பெஷலோடு ஒரே வரியில் சேர்த்துப் பாராட்டியிருக்கும் கோல்ட்டின் மற்றொரு ரிவால்வரான கோப்ரா, 1950இல் அலுமினியக் கலவையாலான உடற்சட்டத்தோடு வந்தது. 425 கிராம் அளவே எடை என்பதால் சட்டைப் பைக்கு அது இதமானது. சுடுகிற கைக்கு அப்படியில்லை. அழுத்தம் கூடிய பிளஸ் பி தோட்டாக்களை அதில் வழக்கமாகச் சுடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எஃகுச் சட்டம் தாங்குவதை மெல்லிய கலவைச் சட்டமும் தாங்கும் என்று எண்ணுவது தவறு.

இன்னொன்று, பழைய மாடல்களில் சுத்தியலின் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அவசரத்தில் உருவும்போது துணியில் மாட்டிக்கொள்ளும். சுத்தியலை மூடும் உறை ஒன்றைக் கோல்ட் தனியாக விற்றதே இதற்காகத்தான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

டிடெக்டிவ் ஸ்பெஷலின் உற்பத்தி 1986இல் நின்று, 1993இல் மீண்டும் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே முடிந்துபோயிற்று. 2017இல் கோப்ரா என்ற பெயரில் கோல்ட் மீண்டும் ஒரு ரிவால்வரை வெளியிட்டதால் பழையவற்றுக்கும் பாகங்கள் கிடைக்கும் என்று கட்டுரையாளர் கோடிகாட்டியிருப்பதை மட்டும் தாங்கள் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். புதியதன் உள்ளமைப்பே வேறு.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்