பீரோ சாவி கைமாறும், விவரம் மாறாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

காகிதக் கோப்பு போய் மின்கோப்பு வந்துவிட்டால், அரசு அலுவலகங்களில் ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

பகிர்வதற்கு வழி எப்போதும் இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து அலுவலக நடைமுறையிலேயே இருப்புக் கோப்பு உண்டு. தன் பிரிவுக்கான அரசாணைகள், விளக்கக் கடிதங்களை எல்லாம் எழுத்தர் அதில் கோத்து வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் பிரித்துப் பார்த்தால் போதும். நான் பார்த்தவரை அது தணிக்கைக்கு முந்தின வாரம் தூசி தட்டப்படும் கட்டு. நிஜமான இருப்புக் கோப்பு, மூத்த உதவியாளரின் டைரி. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர். என்றால்தான் பலருக்குப் புரியும்) பட்டாவில் பெயர் விட்டுப்போனவர்கள் இன்னும் மனுவோடு அலைகிறார்கள். பழைய புல எண் எப்படி உட்பிரிவானது, அதற்கான பதிவேடு பதிவறையில் எந்த அலமாரியில் கிடக்கிறது என்பதெல்லாம் அந்த டைரிக்காரருக்குத்தான் தெரியும். ஓய்வு பெறும் நாளில் சால்வையோடு டைரியும் வீட்டுக்குப் போய்விடும். அப்புறம், "அண்ணே, அந்த ஜி.ஓ. நம்பர் மட்டும் சொல்லுங்களேன்" என்று போன் போகும். அவரும் சொல்வார், நம்பரை மட்டும்.

இதை ஒருவரின் குணம் என்று தள்ளிவிட முடியாது. 1980 நவம்பரில் ஒழிக்கப்படும்வரை கர்ணம் என்ற ஊர்க் கணக்கர் பதவி பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் வழிவழியாக இருந்தது. ஊர்க் கணக்கு அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அந்தக் கணக்குதான் அவருடைய செல்வாக்கு. பதவி போய், கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். விவரம் என்பது வைத்திருப்பவனின் சொத்து என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் பயம். 17பி குறிப்பாணை (கடும் தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு) ஒன்று வாங்கியவரைக் கேளுங்கள், சொல்வார். யோசனையை எழுதிக் கொடுத்தால், நாளை விசாரணையில் "இவர் சொல்லித்தான் செய்தேன்" என்று அந்தத் தாளையே நீட்டுவார்கள். வாயால் சொன்னால் ஆதாரம் இல்லை. சொல்லாமலே இருந்தால் இன்னும் பத்திரம். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த ஒரு பெண், பக்கத்து சீட்டில் சந்தேகம் கேட்டார். "பழைய ஃபைலைப் பாரும்மா." எந்த ஃபைல் சார்? "ஏன், ட்ரெயினிங்ல சொல்லித் தரலையா?" மூன்றாம் முறை யார் கேட்பார்கள்? அறைக்குள் போய் 'ஐயா'விடம் தெரியாது என்று சொல்வது அதைவிடக் கஷ்டம்.

கிராம உதவியாளர் கதை தனி. ஊரில் அவர் இன்னும் தலையாரிதான். சர்வே கல் முதலில் எங்கே இருந்தது, ஓடைப் புறம்போக்கை ஒட்டி யார் வரப்பை நகர்த்தினார் என்று அவருக்குத் தெரியும். அளக்கப் போனால் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவரும் அவரே. ஆனால் அவர் நின்றுகொண்டு சொல்கிறவர். அதனால் அவர் சொல்வது கோப்பில் ஏறாது.

வேடிக்கை என்னவென்றால், ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இதே ஆட்கள் வள்ளல்கள். "பழைய ஃபைலைப் பார்" என்றவர், முகம் தெரியாத வேறு மாவட்டத்துக்காரருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு விலாவாரியாக விளக்கம் எழுதுகிறார். அங்கே சீட்டும் இல்லை, போட்டியும் இல்லை. மின்கோப்பில் ஒவ்வொரு குறிப்பும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. நல்லதுதான், ஆனால் பயந்தவன் அதில் இன்னும் குறைவாகத்தான் எழுதுவான்.

இடமாறுதல் வந்தால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவி, தன்பதிவேடு (தன்னிடம் வந்த தபால்களின் பதிவேடு), நிலுவைக் கோப்புகளின் எண்ணிக்கை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். சிக்கலான கோப்புகள் ஏன் நின்றன என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால்தான் பணிவிடுவிப்பு என்று ஓர் அரசாணை போடலாம். அந்தப் பக்கத்தைக் காட்டி யார் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதையும் அதே அரசாணையில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், "கோப்புகளைப் பார்வையிடவும்" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக் கண்காணிப்பாளர்