மாற்றல் பாரத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

பசியாறிவிட்டாயா? நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பினாங்கில், நம் ஆயர் ஈத்தாமில் மழை. நீ கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸை வெட்ட மனமில்லாமல், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள் உன் அம்மா.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இரண்டு வருடமாகப் போனை எடுத்தாலே "பினாங்குக்கு மாற்றல் கேள்" என்று உன்னை நச்சரித்தேனே, அது பயத்தில்தான் அம்மா. 2015 ஜூன் 5 காலை நிலநடுக்கத்தில் சபாவின் கினபாலு மலை குலுங்கி 18 பேர் இறந்ததும், 'கழுதைக் காது' சிகரத்தில் ஒரு காது முறிந்து விழுந்ததும் அன்று செய்தியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே மலையடியில், குண்டாசாங்கில் உனக்கு வேலை என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இப்போது நானே பார்த்துவிட்டேன். முதல் நாள் நீ எழுப்பியபோது மணி ஆறேகால், நம் ஊரில் அந்நேரம் கும்மிருட்டு, அங்கே பளபளவென்று விடிந்திருந்தது. கதவைத் திறந்தால் எதிரே மலை. 4,095 மீட்டராம், நம் பினாங்குக் கொடிமலையை ஐந்தாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். உச்சியில் மரமில்லை, புல்லில்லை, வெறும் சாம்பல் பாறை, வரிசையாகக் கூர்கூராய். காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன். ஒன்பது மணிக்குள் மேகம் வந்து அத்தனையையும் மூடிவிட்டது.

உன் பக்கத்து வீட்டு அம்மா, அந்த மண்ணின் டூசுன் பழங்குடியினர், இஞ்சித் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாரே, இறந்த முன்னோர் அந்த மலையில்தான் இருக்கிறார்கள் என்று. மலையேறுமுன் ஏழு வெள்ளைக் கோழி பலி கொடுத்து அனுமதி கேட்பது அவர்களுடைய பழைய வழக்கமாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. நம் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறுமுன் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளே, அதே பயபக்தி. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் தம்பி மலை வழிகாட்டி. நிலநடுக்கத்தன்று மேலே மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கொண்டுவரப் போனவர்களில் ஒருவர், இன்றும் ஏறுகிறார். நீ ஒரு நாள் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அந்த வீடுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் சொல்லவில்லை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அச்செடுத்து அனுப்பிய மாற்றல் பாரம் உன் மேசை இழுப்பறையில் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். எனக்காக அதை நிரப்பாதே. உனக்கே ஊர் திரும்பத் தோன்றினால் நிரப்பு, அறை தயாராக இருக்கிறது.

அம்மா முறுக்கு சுடுகிறாள். பார்சலில் இரண்டு டப்பா வரும், ஒன்று பக்கத்து வீட்டுக்கு.

அப்பா