நம் பிரஸ்ஸுக்கு ஆர்டர் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் மிஷின் பக்கம் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். நீ பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் கடிதம்.

ஏற்காடு தொகுதியில் நிற்கிற ஒரு சுயேச்சைக்கு உங்கள் கம்பெனி பிரச்சார வேலை எடுத்திருக்கிறது. (சுயேச்சை கம்பெனி வைக்கிற காலமும் வந்துவிட்டது, பார்.) போஸ்டர், தோளில் போடும் துண்டு, வேன், மைக் செட் எல்லாவற்றையும் பெங்களூரில் ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்தால் ரேட் குறையும் என்கிறார் உன் மேனேஜர். சேலத்துக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. யார் சொல்வது சரி என்று கேட்டாய்.

உள்ளூரில் கொடு. ஆனால் பில் வாங்கி, பாதிப் பணம் முன்னால் கொடுத்து, ஓட்டு எண்ணுவதற்குள் பாக்கியைத் தீர்க்க உன் ஆளால் முடியும் என்றால் மட்டும் கொடு. முடியாதென்றால் பெங்களூரிலேயே கொடுத்துவிடு. அங்கே பாக்கி வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். இங்கே நாங்கள் வாசலில் போய் நிற்பதோடு சரி.

பில் புக் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத்தான் தெரியும். ஒரு தேர்தலில் இரண்டு பேருக்கு நோட்டீஸ் அடித்தோம். பெயர் வேண்டாம். தோற்றவர் போனையே எடுக்கவில்லை. அவரையாவது மன்னிக்கலாம், கையில் காசில்லை. ஜெயித்தவர் வீட்டுக்கு அப்பா போனபோது காபி கொடுத்து, தோளில் கை போட்டு, "அண்ணா, உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன், பார்த்துக்கலாம்" என்றாராம். அந்த "பார்த்துக்கலாம்" வந்தால் பணம் போச்சு என்று அர்த்தம். அதற்கப்புறம் அவரிடம் எப்படிக் கறாராகக் கேட்பது? நாளைக்கு லைசென்ஸ், ட்ரெயினேஜ் என்று ஏதாவது ஒன்றுக்கு அவரிடமே போய் நிற்க வேண்டும். உள்ளூர்க் கடைக்கு வேலை கொடுக்கிறோம் என்று மேடையில் சொல்கிறவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: பணம் கொடுத்தீர்களா?

உன் மேனேஜர் கணக்கு ஒரு விதத்தில் தப்பில்லை. பெரிய கட்சிக்குச் சின்னம் நிரந்தரம், எப்போது வேண்டுமானாலும் அடித்து அடுக்கி வைக்கலாம். கலர் போஸ்டரை லட்சக்கணக்கில் அடிப்பதில் சிவகாசியோடு நாம் போட்டி போட முடியாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். உன் ஆள் கதை வேறு. வாபஸ் வாங்கும் நேரம் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கைக்கு வரும். அதற்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவில் குறைந்தது 14 நாள் வேண்டும் என்கிறது சட்டம். கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கிடையாது. மிச்சம் என்ன இருக்கிறது? சாயங்காலம் சின்னம் தெரிந்தால் ராத்திரி பிளேட் போட்டு, விடியும்போது பிட் நோட்டீஸ் கட்டு கட்டாக வெளியே போக வேண்டும். அதை லாரி ஆபீஸில் வந்து இறங்கும் பார்சலை நம்பிச் செய்ய முடியாது.

இன்னொன்று, பிட் நோட்டீஸின் அடி வரி. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாய். அச்சிட்டவர் பெயர், விலாசம், வெளியிடுபவர் பெயர், விலாசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. வெளியிடுபவர் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்ட உறுதிமொழியை வாங்கி, ஒரு பிரதியையும் அடித்த நோட்டீஸையும் கலெக்டருக்கு அனுப்ப வேண்டியது அச்சகத்தின் பொறுப்பு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். எதிராளி குடும்பத்தைப் பற்றி அசிங்கமாக எழுதிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டுவார்கள். அப்பா அடிக்க மாட்டார். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதே, அடி வரியில் நம் சேலம் அம்மாப்பேட்டை விலாசம் இருக்கிறது, காலையில் ஆள் நேரே கடைக்கு வந்துவிடுவான். வெளியூர்க்காரனுக்கு அந்தப் பயம் எதற்கு? உள்ளூரில் கொடு என்று நான் சொல்வதற்கு ரேட்டைவிட இதுதான் பெரிய காரணம்.

அதே சமயம் உள்ளூர் என்று எதைச் சொல்கிறாய் என்பதையும் யோசி. ஏற்காடு மலைமேல் இருக்கிற நாகலூர்க்காரருக்குச் சேலமே வெளியூர்தான். தொகுதியில் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளியும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேலம் டவுனில் கொடுத்துவிட்டு உள்ளூருக்குச் செய்துவிட்டேன் என்று சொல்லாதே. எல்ஈடி திரை வைத்த பெரிய வேன் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏற்காடு வந்துவிடும். அங்கிருந்து காப்பித் தோட்டத்துக்கு நடுவில் ஊருக்குள் போகிற வழியில் எதிரே பஸ் வந்தால் திருப்ப இடம் இருக்காது. அங்கே மலைக்காரர் ஜீப்தான் ஆகும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஆட்கள் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள் என்பதும் அந்த டிரைவருக்குத் தெரியும். அதற்கு உங்களிடம் சாப்ட்வேர் கிடையாது. துண்டும் சால்வையும் சூரத் பாலியஸ்டர் வேண்டாம், ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர்களிடம் விலை கேள்.

சின்னக் கடைகளில் சிக்கல் வருவது பில்லில்தான். டீக்கடைக்காரர் அன்றைய கணக்கை காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டு வைத்திருப்பார். உங்கள் ஆடிட்டர் அதை ஏற்க மாட்டார், அதனால் பில் புக் உள்ள பெரிய கேட்டரிங்காரனுக்கே போகும். அப்படி விடாதே. தேர்தல் செலவு பார்க்கிற ஏஜென்ட் கையில் வவுச்சர் புக் இருக்கட்டும், தொகையை எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்கட்டும். இப்போது டீக்கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கம் கூடாது, தேர்தலுக்கென்று தொடங்கிய வங்கிக் கணக்கில் இருந்துதான் போக வேண்டும், உனக்குத் தெரிந்ததே. சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பை 2022-ல் 40 லட்சமாக்கினார்கள். நாற்காலி, டீ, மைக் செட் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் ஒரு ரேட் பட்டியல் போடும். பில்லில் ஒரு விலை, பட்டியலில் ஒரு விலை என்றால் கேள்வி கடைக்காரர் வரை வரும்.

வேலை கொடுப்பதே ஓட்டுக்கு லஞ்சம் ஆகிவிடாதா என்று கேட்டாயே, நல்ல கேள்வி. பணத்துக்கு ஆள் வைப்பதையும் அதே சட்டத்தின் 123-ஆம் பிரிவு லஞ்சத்தில்தான் சேர்க்கிறது. தேர்தலுக்காக நேர்மையாகச் செய்து, கணக்கில் முறையாக எழுதிய செலவை மட்டும் விட்டுவிடுகிறது. எழுதாமல் ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுத்தால் அது வேறு விஷயமாகிவிடும். ஜீப் ஒன்று தேவைப்படுகிற இடத்தில் ஐந்து ஜீப் எடுத்தாலும் அப்படித்தான். உன் வேட்பாளரின் மச்சான் கடை, சம்பந்தி வேன் என்று பட்டியல் வரும், உள்ளூர் என்ற பெயரில்தான் வரும். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கு.

அந்த மூன்றில் நம் பிரஸ் இருக்க வேண்டாம். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, "ஏன், நாம என்ன இளப்பமா?" என்கிறார். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் நீ இருக்கிறாய், அதனால்தான் கண்ணு. வாழப்பாடியிலேயே ஆஃப்செட் அச்சு மிஷின் போட்டவர்கள் இருப்பார்கள், தொகுதிக்குள்ளேயே கொடு. எதிர்த்து நிற்கிறவர்கள் கேட்டால் நாங்கள் அவர்களுக்கு அடித்துக் கொடுப்போம், அதற்கு நீ கோபிக்கக் கூடாது.

எந்த அச்சகமானாலும், உங்கள் பெங்களூர்ப் பையன்கள் டிசைனை அனுப்பும்போது எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது படக்கோடாக மாற்றி அனுப்பச் சொல். ஃபாண்ட்டாக அனுப்பினால் இங்கே திறக்கும்போது வேட்பாளர் பெயர் கட்டம் கட்டமாகத்தான் வரும். ராத்திரி ஒரு மணிக்கு யாரைப் போய் எழுப்புவது?

அன்புடன்,
அம்மா